துயரத்தின்மேல் துயரம்: கடின உணர்வுகளை ஏற்றலும் தற்பரிவும்

அச்சம், சினம், பொறாமை, வெட்கம், குற்றவுணர்வு, இழப்பின் துயரம் முதலான உணர்வுகள் எழும்போது மனிதர் அவற்றால் மட்டும் துன்புறுவதில்லை. அவை தமக்குள் எழுந்துவிட்டனவே என்பதாலும் துன்புறுகின்றனர். அஞ்சியவர் அஞ்சியதற்காக வெட்கப்படுகிறார். சோர்ந்தவர் தம் சோர்வுக்குச் சோம்பல் என்று பெயரிட்டுத் தம்மையே ஏசிக்கொள்கிறார். தாய் மறைந்து பல மாதங்கள் கடந்தும் அழுகை அடங்காதவர், 'இன்னுமா?' என்று பிறர் கேட்பதற்கு முன் தாமே கேட்டுக்கொள்கிறார். முதல் உணர்வைத் தூண்டிய நிகழ்ச்சி பெரும்பாலும் அவர் கையில் இருப்பதில்லை. அதன்மேல் ஏறும் இரண்டாம் துன்பமோ அவர் தம்மோடு கொண்டிருக்கும் உறவிலிருந்து பிறக்கிறது. கடந்த சில பத்தாண்டுகளில் உளவியலில் வளர்ந்துள்ள இரு ஆய்வுப் போக்குகள் இந்த இரண்டாம் துன்பத்தையே தம் பொருளாகக் கொண்டுள்ளன. ஒன்று ஏற்றல்: எழுந்த உணர்வை விரட்டவோ திருத்தவோ முனையாமல் அது இருப்பதற்கு இடங்கொடுப்பது. மற்றொன்று தற்பரிவு: துன்பத்தில் இருக்கும் நண்பருக்குக் காட்டும் கனிவைத் துன்புறும் தமக்கும் காட்டுவது. இரண்டையும் இணைத்தே பேசுவது இன்று வழக்கமாகிவிட்டது. ஆனால் கிடைக்கும் பயன் கனிவைக் கூட்டியதால் வருகிறதா, தன்னைத்தானே தாக்குவதை நிறுத்தியதால் வருகிறதா என்ற கேள்வி இவ்விணைப்பின் அடியில் கிடக்கிறது. இத்துறையின் வரலாற்றையும் சான்றுகளையும் அந்தக் கேள்வியின் வெளிச்சத்தில் பார்ப்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

ஏற்றலைப் பற்றிய ஆய்வு வளர்வதற்கு முன், அதற்கு எதிரான வழியின் தோல்வி சோதனைக்கூடத்தில் பதிவாகியிருந்தது. அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னரும் உடனாய்வாளர்களும் 1987இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்கள் ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்கக் கூடாது என்றும், நினைத்தால் மணியை அடிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளப்பட்டனர். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதைவிடக் குறிப்பிடத்தக்கது, பின்னர் நினைக்கலாம் என்று அனுமதி கிடைத்தபோது, தொடக்கத்திலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இவர்களே அக்கரடியை மிகுதியாக நினைத்தனர். ஓர் எண்ணத்தை விலக்க வேண்டுமானால் அது வந்துவிட்டதா என்று மனம் ஓயாமல் வேவு பார்க்க வேண்டியிருக்கிறது, அந்த வேவே எண்ணத்தை உயிரோடு வைத்திருக்கிறது என்று வெக்னர் பிற்காலத்தில் விளக்கினார். உணர்வுகளைப் பொறுத்தவரை, ஜேம்ஸ் கிராஸும் ராபர்ட் லெவன்சனும் 1993இல் நடத்திய ஆய்வு இதற்கு இணையானது. அருவருப்பூட்டும் படத்தைப் பார்க்கும்போது முகத்தில் எதையும் காட்டாதிருக்கும்படி கேட்கப்பட்டவர்கள் முகத்தை அடக்குவதில் வென்றார்கள். ஆனால் உள்ளே உணர்ந்த அருவருப்பு குறையவில்லை, தோலின் மின்கடத்துதிறன் போன்ற உடற்கிளர்ச்சியின் அறிகுறிகள் உயரவும் செய்தன. அடக்குதல் எல்லா வேளையிலும் தீங்கு என்று இதிலிருந்து முடிவுகட்டுவது மிகை. அலுவலகத்திலும் இழவு வீட்டிலும் ஓரளவு அடக்கம் இல்லாமல் மனிதர் கூடி வாழ முடியாது. அடக்குதல் வெளித்தோற்றத்தை மாற்றும், உள்ளனுபவத்தை மாற்றாது என்பதே இவ்வாய்வுகள் காட்டும் வரம்பு.

இரண்டாம் துன்பம் என்ற கருத்து உளவியலின் கண்டுபிடிப்பு அன்று. பாலி மொழியில் அமைந்த சம்யுத்த நிகாயத்தின் சல்ல சுத்தம், பயிற்சியற்றவர் வலி நேரும்போது உடலால் ஒரு முறையும் மனத்தால் ஒரு முறையும் துன்புறுகிறார் என்று கூறி, அம்பு தைத்தவர்மேல் மீண்டும் ஓர் அம்பு எய்யப்படுவதை அதற்கு உவமையாக்குகிறது. பயிற்சி பெற்றவருக்கும் முதல் அம்பு தைக்கத்தான் செய்யும். அவருக்கு வலியே இல்லை என்று அந்த நூல் சொல்லவில்லை என்பது, ஏற்றலை வலிநீக்கியாக விற்பவர்கள் மறந்துவிடும் செய்தி. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் மைத்திரி என்னும் அன்புத் தியானத்தைத் தன்னிடமிருந்தே தொடங்கச் சொல்கிறது. (இலங்கைக்கு வருமுன் அவர் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததை அவருடைய உரைநூல்களின் முடிவுரையே குறிப்பிடுவதால், இம்மரபின் பயணத்தில் தமிழகத்துக்கும் ஒரு நிறுத்தம் உண்டு.) ஆனால் இன்றைய தற்பரிவு நூல்கள் எடுத்துக்காட்டாத ஒரு நிபந்தனையையும் அவர் அந்த நூலிலேயே வைக்கிறார். தன்மேல் மட்டும் நூறாண்டு அன்பு பயின்றாலும் தியானத்தின் ஆழ்ந்த நிலை வாய்க்காது. தான் இன்பத்தை விரும்புவதும் துன்பத்தை வெறுப்பதும் போலவே பிறரும் என்பதற்குத் தன்னைச் சாட்சியாக நிறுத்துவதற்கே அந்தத் தொடக்கம். மேலும் கருணைக்குத் தொலைவிலுள்ள பகை கொடுமை என்றும், கருணையைப் போலவே தோன்றி ஏமாற்றும் அண்மைப் பகை சொந்த இழப்புகளில் தோய்ந்த துக்கம் என்றும் அவர் பிரிக்கிறார். தற்பரிவுக்கும் கழிவிரக்கத்துக்கும் இடையிலான வேறுபாட்டை இன்றைய ஆய்வாளர்கள் விளக்கப் படும் பாட்டைப் பார்த்தால், இந்தப் பழைய பிரிவினை எவ்வளவு கூர்மையானது என்பது புலப்படும்.

மருத்துவமனைக்குள் ஏற்றலை ஒரு சிகிச்சையாகக் கொண்டுவந்தவர்களில் முந்தியவர் ஜப்பானிய உளமருத்துவர் மோரிதா ஷோமா (1874–1938). இளமையில் தாமே பதற்றத்தாலும் சாவச்சத்தாலும் அலைக்கழிக்கப்பட்ட அவர், 1919 வாக்கில் உருவாக்கிய முறையில், நோயாளி முதலில் பேச்சும் வாசிப்பும் பொழுதுபோக்கும் இல்லாமல் ஒரு வாரம் அளவில் தனித்துப் படுத்திருக்க வேண்டும். அச்சமும் சலிப்பும் தாமே ஏறி, உச்சத்தைத் தொட்டு, தாமே இறங்குவதை அவர் காண்பதற்கான ஏற்பாடு அது. பிறகு இலகுவான தோட்ட வேலை, அதைவிடக் கடின வேலை, இறுதியாக இயல்பு வாழ்க்கை என்று நிலைகள் நகரும். உணர்வை உள்ளபடி விட்டுவிட்டுச் செய்ய வேண்டிய செயலைச் செய்வதே அவருடைய கோட்பாடு. பதற்றத்தைவிட, பதற்றம் இருக்கக் கூடாது என்ற பிடிவாதமே நோயை வளர்க்கிறது என்று அவர் கண்டது, மேற்கில் இதே கருத்து பெயர் பெறுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்தியது. மோரிதாவின் முறையில் கனிவைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு என்பதும் கவனிக்கத்தக்கது. அங்கே ஏற்றல் இருக்கிறது, தன்னைத் தேற்றிக்கொள்ளுதல் என்று தனியாக ஒன்று இல்லை.

மேற்குலகில் இக்கருத்து பல வாயில்கள் வழியாக நுழைந்தது. தன்னை உள்ளபடி ஏற்கும்போதே மாற்றம் தொடங்குகிறது என்ற முரண்போலத் தோன்றும் கூற்றைக் கார்ல் ராஜர்ஸ் 1961இல் நூலாக்கினார். 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபட்-சின், மருந்தால் தீராத நாட்பட்ட வலியுள்ளவர்களுக்குத் தியானப் பயிற்சியைத் தொடங்கினார். அதன் மையத்தில் இருந்த விழிப்புநிலை என்பது, இந்தக் கணத்தில் உடலிலும் மனத்திலும் நிகழ்வதைத் தீர்ப்பிடாமல் கவனிப்பது. ஸ்டீவன் ஹேய்ஸும் உடனாசிரியர்களும் 1999இல் நூலாக வெளியிட்ட ஏற்பும் கடப்பாடும் என்னும் சிகிச்சை, தனக்குள் எழும் விரும்பத்தகாத அனுபவங்களிலிருந்து தப்பும் முயற்சியை 'அகத்தவிர்ப்பு' என்று இனங்கண்டு, பலவகை உளநோய்களுக்கும் அதைப் பொது வேராகக் கருதியது.

இவர்களுள் மார்ஷா லினஹனின் பங்கு தனியே பேசத்தக்கது. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும், தற்கொலைக்கு மீண்டும் மீண்டும் முயலும் நோயாளிகளிடம் பணியாற்றிய அவர், மாற்றத்தை மட்டும் வற்புறுத்தினால் அவர்கள் தங்கள் வேதனை பொய்யாக்கப்பட்டதாக உணர்ந்து விலகுவதையும், ஏற்றலை மட்டும் பேசினால் தங்கள் துன்பத்தின் அவசரம் புரிந்துகொள்ளப்படவில்லை என்று நம்பிக்கை இழப்பதையும் கண்டார். இரண்டையும் ஒரே அமர்வில் தாங்கி நிற்கும் முறையை அவர் 1993இல் விரிவான நூலாக வெளியிட்டார். பதினேழு வயதில், 1961இல், ஹார்ட்ஃபோர்டிலுள்ள உளநோய் மருத்துவமனையில் தாமே நோயாளியாக அடைக்கப்பட்டிருந்ததை அவர் 2011இல் அதே இடத்தில் பலரறியக் கூறினார். ஏற்றல் என்றால் பணிந்துபோதல் என்ற ஐயத்துக்கு, உயிர் போகும் நிலையிலுள்ளவர்களிடம் உருவான இந்த முறையைவிடத் தெளிவான மறுமொழி கிடைப்பது அரிது.

எண்ணிக்கையில் அமைந்த முதற்பெரும் சான்று மனச்சோர்வு நோயிலிருந்து வந்தது. விழிப்புநிலைப் பயிற்சியை அறிதல்சார் சிகிச்சையோடு இணைத்த ஜான் டீஸ்டேல், சிண்டெல் சீகல், மார்க் வில்லியம்ஸ் ஆகியோரும் உடனாய்வாளர்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றோ அதற்கு மேலோ முறை மனச்சோர்வுக்கு ஆளாகி மீண்டிருந்தவர்களுள், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 66 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. பயிற்சி பெற்றவர்களில் அது 37 விழுக்காடு. இரண்டு முறை மட்டும் நோயுற்றிருந்தவர்களுக்கு இந்தப் பயன் கிட்டவில்லை என்ற பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பலமுறை நோயுற்றவர்களிடம், சிறு வாட்டம் வந்ததுமே மனம் பழைய தடத்தில் இறங்கி அதை அசைபோடத் தொடங்குகிறது, பயிற்சி அந்த இறக்கத்தைத் தடுக்கிறது என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். அதாவது பயிற்சி தொட்டது வாட்டத்தை அன்று. வாட்டத்தோடு மனம் நடத்தும் வாக்குவாதத்தை.

தற்பரிவு என்ற தனித்துறை பிறந்த சூழல் வேறு. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் தன்மதிப்பே எல்லாச் சமூகக் கேடுகளுக்கும் தடுப்பூசி என்ற நம்பிக்கை ஓங்கியிருந்தது. கலிபோர்னியா மாநில அரசு 1986இல் தன்மதிப்பை வளர்ப்பதற்கென்றே ஒரு பணிக்குழுவை அமைத்தது. 1990இல் அதன் அறிக்கையும் வந்தது. ராய் பாமைஸ்டரும் உடனாய்வாளர்களும் 2003இல் வெளியிட்ட பெரிய மறுபார்வை, உயர்ந்த தன்மதிப்பு மகிழ்ச்சியோடு தொடர்புடையதேயன்றிக் கல்வித் தேர்ச்சிக்கோ நன்னடத்தைக்கோ காரணமாக இருப்பதற்குச் சான்று மிகக் குறைவு என்று காட்டியது. தன்மதிப்பு என்பது ஒரு மதிப்பீடு; மதிப்பிட வேண்டுமானால் ஒப்பிட வேண்டும், ஒப்பிட்டால் யாரேனும் கீழே இருக்க வேண்டும், தோல்வி வந்த அன்று அது கைவிட்டுவிடும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டின் நெஃப் அதே 2003இல் இதற்கு மாற்றாகத் தற்பரிவைக் கோட்பாடாகவும் அளவுகோலாகவும் முன்வைத்தார். முனைவர் பட்ட மாணவியாக இருந்த நாளில் விபஸ்ஸனா தியானத்தோடு ஏற்பட்ட பழக்கமும், பின்னர் தன்மதிப்பு ஆய்வில் பெற்ற பயிற்சியும் அவரிடம் சந்தித்தன.

நெஃப் தற்பரிவை மூன்று இணைகளாக வகுத்தார். முதலாவது, தவறும்போது தன்னைச் சாடாமல் கனிவோடு நடத்துவது. இரண்டாவது, இந்தத் துன்பம் தனக்கு மட்டும் நேர்ந்த தனிப்பட்ட சாபம் என்று ஒதுங்காமல், குறையும் இழப்பும் மனிதப் பிறவிக்கே பொது என்று உணர்வது. மூன்றாவது, வேதனையை மறுக்காமலும் அதில் மூழ்கிவிடாமலும் சமநிலையோடு அறிவது. இவற்றுள் முதலாவதே பரவலாகப் பேசப்பட்டு வணிகச் சரக்காகவும் ஆகியிருக்கிறது. ஆனால் கழிவிரக்கத்திலிருந்து தற்பரிவைப் பிரிப்பது இரண்டாவதுதான். கழிவிரக்கத்தில் இருப்பவர் 'எனக்கு மட்டும் ஏன்' என்று கேட்கிறார். அந்த 'மட்டும்' என்பதைத்தான் பொதுமையுணர்வு தகர்க்கிறது. தமிழ்நாட்டின் ஒப்பாரி மரபில், பிறர் வீட்டு இழவுக்குச் செல்லும் பெண்கள் அங்கே தங்கள் சொந்த இழப்புகளையும் சேர்த்துப் பாடி அழுவது வழக்கம் என்பது நாட்டார் வழக்காற்றியலார் பதிந்திருக்கும் செய்தி. துயரத்துக்குக் கூட்டமும் வடிவமும் தந்த அந்த மரபு தற்பரிவு என்று எதற்கும் பெயரிடவில்லை. தனிமைப்பட்ட வேதனையைப் பொதுவில் இறக்கிவைக்கும் இவ்வேலையை அது செய்துவந்தது என்று சொல்லும் அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

இங்கிலாந்தின் டெர்பியில் பணியாற்றிய பால் கில்பர்ட் இதே இடத்துக்கு நோயாளிகளின் குரல் வழியாக வந்தார். மனச்சோர்வுற்றவர்கள் தங்கள் எதிர்மறை எண்ணங்களுக்கு மாற்றான நியாயமான எண்ணங்களைச் சிகிச்சையில் கற்றுக்கொண்டார்கள்; ஆயினும் அவர்களுக்கு ஆறுதல் வரவில்லை. அந்த மாற்று எண்ணத்தை மனத்துக்குள் எந்தத் தொனியில் சொல்லிக்கொள்கிறீர்கள் என்று கேட்டபோது, அது கடுகடுப்பும் இகழ்ச்சியும் கலந்த தொனி என்பது தெரியவந்தது. சொல் ஆறுதலாகவும் குரல் தண்டனையாகவும் இருந்தன. அச்சுறுத்தலை உணரும் அமைப்பு, தேடலைத் தூண்டும் அமைப்பு, அரவணைப்பால் அமைதியூட்டும் அமைப்பு என்று உணர்வுகளை மூன்று அமைப்புகளாகப் பிரித்த கில்பர்ட், தன்னைத் தானே ஏசும்போது புறத்தே பகைவர் எவரும் இல்லாமலேயே முதல் அமைப்பு கிளர்ந்தெழுகிறது என்றார். மூளையின் செயற்பாட்டை இவ்வளவு நேர்த்தியாக மூன்றாகப் பகுப்பது ஓர் எளிமையாக்கமே. நோயாளிக்கு விளக்கப் பயன்படும் வரைபடம் என்ற அளவில் அதை எடுத்துக்கொள்வது நல்லது.

கில்பர்ட்டின் இன்னொரு கவனிப்பு இதைவிட ஆழமானது. பரிவையே அஞ்சுவோர் உண்டு. 2011இல் அவரும் உடனாய்வாளர்களும் அந்த அச்சத்தை அளக்கும் கருவிகளை வெளியிட்டனர்: பிறர்மேல் பரிவு காட்ட அஞ்சுவது, பிறர் பரிவைப் பெற அஞ்சுவது, தன்மேல் பரிவு கொள்ள அஞ்சுவது என அவை மூன்று. குழந்தைப் பருவத்தில் அரவணைக்க வேண்டியவர்களே அடித்தவர்களாகவும் இருந்திருந்தால், கனிவு என்பதே ஆபத்தின் முன்னறிவிப்பாக மனத்தில் பதிந்துவிடுகிறது. அத்தகையவரிடம் 'உங்களை நேசியுங்கள்' என்ற அறிவுரை ஆறுதலாக அன்றி மிரட்டலாகவே சென்று சேரும். கடிந்துகொள்ளாவிட்டால் தாம் கெட்டுவிடுவோம் என்று நம்புவோரும் இவ்வகையினரே, அவர்களுடைய நம்பிக்கைக்குப் பள்ளியும் குடும்பமும் பல தலைமுறைகளாக ஆதரவு தந்துள்ளன. இந்த நம்பிக்கையை ஜூலியானா பிரைன்ஸும் செரீனா சென்னும் 2012இல் சோதித்தனர். கடினமான சொல்வளத் தேர்வில் தோற்ற மாணவர்களுள், தோல்வியைப் பரிவோடு நோக்கும்படி தூண்டப்பட்டவர்கள், தன்மதிப்பு ஊட்டப்பட்டவர்களையும் எதுவும் சொல்லப்படாதவர்களையும்விட அடுத்த தேர்வுக்குக் கூடுதல் நேரம் படித்தனர். பரிவு சோம்பலை வளர்க்கும் என்ற வாதத்துக்கு இது முடிவான மறுப்பு ஆகாது, ஒரு சோதனைக்கூட மாலைப்பொழுது ஒரு வாழ்நாளுக்குச் சமமன்று. ஆயினும் அவ்வாதத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பை அது எதிர்த்தரப்புக்கு மாற்றிவிடுகிறது.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்வி அளவுகோலின் வழியாகவே மீண்டும் வருகிறது. ஆங்கஸ் மக்பெத்தும் ஆண்ட்ரூ கம்லியும் 2012இல் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, தற்பரிவு கூடும்போது மனச்சோர்வு, பதற்றம், மனஅழுத்தம் ஆகியவை குறைகின்றன என்றும், அத்தொடர்பின் அளவு எதிர்மறையில் 0.54 என்றும் கணித்தனர். உளவியலில் இது பெரிய தொடர்பு. ஆனால் நெஃபின் 26 கூற்றுகள் கொண்ட அளவுகோலில் பாதி, தன்னைச் சாடுதல், ஒதுங்குதல், மூழ்கிப்போதல் ஆகியவற்றைக் கேட்டு, விடைகளைத் தலைகீழாக்கிக் கூட்டுபவை. பீட்டர் மூரிஸும் நிக்கோலா பெட்ரோக்கியும் 2017இல் இவ்விரு பாதிகளையும் பிரித்துப் பார்த்தபோது, நோயோடு வலுவாகத் தொடர்புடையவை சாடுதல் பக்கத்துக் கூற்றுகளே என்றும், கனிவுப் பக்கத்தின் தொடர்பு அதைவிட மெலிந்தது என்றும் தெரிந்தது. இரு பக்கமும் ஒரே அமைப்பின் இரு முனைகள், பயிற்சி இரண்டையும் சேர்த்தே நகர்த்துகிறது என்பது நெஃபின் மறுமொழி. இந்த வழக்கில் இரு தரப்பிலும் நியாயம் உண்டு என்றாலும், கனிவான சொற்களைத் தமக்குச் சொல்லிக்கொள்ள இயலாமல் கூச்சப்படுவோருக்கு மூரிஸின் கண்டுபிடிப்பு நல்ல செய்தி: அவர்கள் கனிவைக் கூட்ட முடியாவிட்டாலும் ஏச்சை நிறுத்தினால் பாதிக்கு மேற்பட்ட வழி கடந்தாயிற்று.

பண்பாட்டு ஒப்பீடும் அதே திசையைச் சுட்டுகிறது. நெஃபும் உடனாய்வாளர்களும் 2008இல் அமெரிக்கா, தாய்லாந்து, தைவான் மாணவர்களை ஒப்பிட்டபோது தாய்லாந்தில் தற்பரிவு மிகுந்தும் தைவானில் குறைந்தும் இருந்தது. அமெரிக்கா நடுவில் நின்றது. கீழை நாடுகள் என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட முடியாது என்பதை இது காட்டுகிறது. தேரவாத பௌத்தம் அன்றாட வாழ்வில் ஊறிய தாய்லாந்தையும், தன்னைத் திருத்திக்கொள்வதை அறமாகப் போற்றும் கன்பூசிய மரபின் தைவானையும் பிரித்தது, குறையை எதிர்கொள்ளும்போது தன்னைக் கடிவதற்கு அந்தந்தச் சமூகம் கொடுக்கும் மதிப்பே என்று ஆய்வாளர்கள் கருதினர்.

எதை ஏற்பது என்பதில் நேரும் குழப்பமே இத்துறைமீது வைக்கப்படும் கடுமையான குற்றச்சாட்டுக்குக் காரணம். கூலி தராத முதலாளியிடம் எழும் சினத்தையும், வீட்டில் அடிபடும் பெண்ணின் அச்சத்தையும் ஏற்கச் சொல்வது அநீதிக்குத் துணைபோவது அன்றோ என்று விமர்சகர்கள் கேட்கின்றனர். விழிப்புநிலைப் பயிற்சி நிறுவனங்களின் கையில் ஊழியரை அமைதிப்படுத்தும் கருவியாகிவிட்டது என்று ரொனால்ட் பர்சர் 2019இல் ஒரு நூலே எழுதினார். பிரெட் ஃபோர்டும் ஐரிஸ் மாஸும் பிறரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவுகிறது. உளநலத்தோடு தொடர்புடையது தம் எண்ணங்களையும் உணர்வுகளையும் ஏற்பதேயன்றி, நேர்ந்த சூழ்நிலையை ஏற்பது அன்று என்று அது பிரித்துக் காட்டியது. சினம் வந்ததை ஒப்புக்கொள்பவர் அதன் காரணத்தை ஒப்புக்கொண்டவர் ஆகார். தம் சினத்துக்காக வெட்கப்படாதவரே அதைக் கோரிக்கையாக மாற்றும் தெம்புள்ளவராகவும் இருக்கக்கூடும். எல்லாருக்கும் ஒரே மருந்தாக இப்பயிற்சியைப் பரிமாறுவதன் பலவீனமும் வெளிப்பட்டுவிட்டது: பிரித்தானியாவில் 85 பள்ளிகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2022இல் முடிவுகள் வெளியான பெரிய ஆய்வில், வகுப்பறை விழிப்புநிலைப் பயிற்சி வழக்கமான பாடத்திட்டத்தைவிடக் கூடுதல் நன்மை எதையும் தரவில்லை.

சிகிச்சை அறையில் எழும் இடர் வேறு வகையானது. நெஃபும் கிறிஸ்டோஃபர் ஜெர்மரும் உருவாக்கி 2013இல் சோதனை முடிவுகளை வெளியிட்ட எட்டு வாரத் தற்பரிவுப் பயிற்சியில், கனிவை முதன்முறை அனுபவிப்போர் சிலருக்குப் பழைய வேதனைகள் திடீரென்று பொங்கி எழுவது உண்டு. மூடிய அறையில் தீ புகைந்துகொண்டிருக்கும்போது கதவைத் திறந்தால் காற்றுப் புகுந்து நெருப்பு வெளிப்பக்கம் பாய்வதற்குத் தீயணைப்பு வீரர்கள் இட்ட பெயரையே அவர்கள் இதற்கும் வைத்துள்ளனர். அவ்வேளையில் தொடர்ந்து உள்ளே செல்லும்படி ஆசிரியர்கள் வற்புறுத்துவதில்லை. கவனத்தை உள்ளங்கால்களுக்குக் கொண்டுவரவும், தேவையானால் தேநீர் குடிக்கவும், எழுந்து நடக்கவும், அன்றைய பயிற்சியையே விட்டுவிடவும் சொல்கின்றனர். ஓர் உணர்வை இன்று ஏற்க இயலவில்லை என்று கண்டு அதிலிருந்து விலகி நிற்பதும் அப்பயிற்சியின் பாடங்களுள் ஒன்றாகவே கற்பிக்கப்படுகிறது. ஏற்கத் தவறியதற்காகத் தன்னை ஏசத் தொடங்கினால், எதை நிறுத்த வந்தார்களோ அதுவே ஏற்றல் என்ற பெயரில் மறுபடி நடக்கிறது என்பதை அதன் ஆசிரியர்கள் அறிந்திருக்கின்றனர்.